புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு நோட்டு

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் தையல் மெஷினும் நலம், இரண்டில் எது முதலில் மக்கர் பண்ணப்போகிறது என்றுதான் தெரியவில்லை. நீ நலமா, இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? என்னடா இது, ஃபோன் இருக்கும்போது கடிதம் என்று பார்க்காதே. நீ அனுப்பிய பாங்க் படிவத்தில் பாங்க்குக்கே போய்க் கையெழுத்துப் போட்டேன், இனி உன் கையெழுத்துக்காக அதை உனக்குத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், வெறும் உறையாக அனுப்ப மனசு வரவில்லை. ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சரிம்மா வைக்கிறேன் என்பாய். அதுவும் இந்தப் பதினெட்டு நாளாக இல்லை. கோபம் நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு நடந்ததை நான் முழுசாகச் சொல்ல நீ விடவே இல்லை, இப்போது படித்துத்தான் ஆக வேண்டும். நீ வெளிநாட்டில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பண்ணினாலும் திங்கட்கிழமை காலையில் இருநூறு எடுப்பாய். நம் கணக்கு உனக்கும் எனக்கும் சேர்ந்தது, அப்பா போனபோது என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், அதனால் நீ ஏடிஎம்மில் பணம் எடுத்தால் இங்கே என் ஃபோன் டிங் என்று அடிக்கும். அன்று வியாழக்கிழமை. பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் மூன்று டிங். வாயில் நுழையாத ஊர்ப் பெயர். காலரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். உனக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். ஸ்கேன் அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது? கார்டை எவனோ பிடுங்கிக்கொண்டான், உன்னை என்ன பண்ணினானோ என்றுதான் ஓடியது. பாங்க்குக்கு அடித்து, என் பொண்ணு கார்டை உடனே நிறுத்துங்க சார் என்று அழுதேன். அவரும் நிறுத்திவிட்டார். தங்கும் அறைக்கு முன்பணம் கட்ட ஆஸ்பத்திரி வாசலில் நீயேதான் எடுத்தாய், அந்த ஊர் மெஷின் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தரும் என்று இந்த மடச்சிக்கு எப்படித் தெரியும்? மறுநாள் வேறு ஊர் போய் இறங்கி, எடுத்ததெல்லாம் அறைக்கே போய்விட்டதால் கையில் காசில்லாமல், டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தாயாமே. ரெண்டு நாள் வெறும் ரொட்டியும் தண்ணியும்மா, எல்லாம் உன்னாலதான் என்று நீ கத்தினது இன்னும் காதிலேயே நிற்கிறது. நான் செய்தது தப்புத்தான் கண்ணு. ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் அந்த ரொட்டி ஞாபகம்தான் வருகிறது.

பாங்க்கில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், நிறையச் சொல்லிக்கொடுத்தாள். ஊர் மாறும் முன் பாங்க்குக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. ரோட்டோரத்து மெஷினில் எடுக்காதே, பாங்க்குக்கு உள்ளேயே இருப்பதில் எடு. ரகசிய எண்ணை அழுத்தும்போது இன்னொரு கையால் மறைத்துக்கொள். நம் ஊர்ப் பணக் கணக்கில் காட்டட்டுமா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்து, அதில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்களாம். இன்னொரு கார்டு வாங்கி உன் கோட்டில் நான் தைத்த உள்பாக்கெட்டில் வை, இரண்டையும் ஒரே பையில் வைக்காதே. சில்லறை சில்லறையாகவும் எடுக்காதே, ஒவ்வொரு தடவைக்கும் கட்டணமாம். இதை மட்டும் உனக்கு எழுத எனக்கு இஷ்டமே இல்லை. நீ சில்லறையாக எடுத்த மாதமெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்தான். ஒரு டிங் வந்தால், ஓ, எழுந்துவிட்டாள், வெளியே வந்திருக்கிறாள், ஏதோ வாங்கிச் சாப்பிடப்போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டித் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். முப்பத்தோரு ஊர் இருக்கிறது. வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அப்புறம் நாள் முழுக்க இந்த வீட்டில் என்னோடு பேசியது அந்த டிங் ஒன்றுதான்.

படிவத்தை நீட்டினபோது அந்தப் பெண், உங்க பொண்ணு நம்பருக்கு மாத்திட்டா இனிமே உங்களுக்கு ஒண்ணும் வராதும்மா, சம்மதமா என்று கேட்டாள். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். பணம் நீ சம்பாதித்தது, செய்தியும் உனக்குத்தான் வர வேண்டும், இதில் நான் யோசிக்க என்ன இருக்கிறது? போட்டுவிட்டேன். எழுந்து வரும்போது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், அப்போ என் கார்டுல நான் எடுத்தா யாருக்கும்மா போகும் என்று. அதுவும் உங்க பொண்ணுக்குத்தான் போகும் என்றாள்.

என் கார்டு நாலு வருஷமாக உறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கே எடுத்தேன். ரகசிய எண்ணுக்குப் பிறந்த தேதி வைக்கக் கூடாதாம், அதனால் நீ பிறந்த நேரத்தை வைத்தேன், அது உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? மருந்துக்கடை முனையில் இருக்கிற மெஷினில் எடுத்துப் பழகினேன். முதல் தடவை கார்டைத் தலைகீழாகச் செருகி, கதவைத் திறக்கச் சொல்கிற மாதிரி அதைத் தட்டினேன், காவலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நம் பாங்க் மெஷினில் கட்டணம் கிடையாது, அதையும் கேட்டுக்கொண்டேன். இனி ஒவ்வொரு புதன்கிழமையும் இங்கே காலை பத்து மணிக்கு ஒரே ஒரு சின்ன நோட்டு எடுப்பேன். உனக்கு டிங் வந்தால் அம்மா எழுந்து, குளித்து, மாடிப்படி இறங்கி, தெருவைத் தாண்டிவிட்டாள் என்று வைத்துக்கொள். பதில் போட வேண்டாம், உன் வேலையைப் பார்.

நோய் நொடி அண்டாமல், போகிற ஊரெல்லாம் நல்ல மனிதர்களாகவே எதிர்ப்பட்டு, நீ நன்றாக இரு. கோட்டுப் பொத்தான் தளர்ந்திருந்தது, தைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறந்தே போனேன், ரகசிய எண்ணை யாருக்கும் எழுதக் கூடாதாம், எழுதித் தொலைத்துவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்துவிடு, கடிதத்தைக் கிழித்துவிடாதே. புதன்கிழமைச் செய்தியைப் பார்த்துத் திருடன் என்று பதறி என் கார்டை நிறுத்திவிடாதே. ஏதாவது ஒரு புதன்கிழமை வரவில்லை என்றால் மட்டும் ஒரு ஃபோன் பண்ணு.