மூன்றாவது கோர்வை

கொழும்பு
3-2-1938

அன்புள்ள கண்ணகைக்கு,

நான் சுகம். உன் சுகமும் அறிய ஆவல். வாசிகசாலை ஆண்டுவிழாவில் நீ தனியாக வயலின் வாசிக்கப்போகிறாயாம். தோடி வர்ணமும் உண்டாம். போன வருஷம் என் கச்சேரியில் அதே வர்ணத்தை மறந்து நடுவில் நின்றாய். நான் பாட்டை நிறுத்தி, "இவவுக்குப் பாடம் நிக்காது" என்று சபைக்குச் சொல்லவேண்டி வந்தது. இன்னொரு முறை என் பெயரைக் கெடுக்காதே. வாசித்தே ஆகவேண்டுமென்றால் சுரம் எழுதிய தாளை முன்னால் வைத்துக்கொள்.

உன் கணவன்,
வினாயகமூர்த்தி


மட்டக்களப்பு
9-2-1938

அன்புள்ள மச்சானுக்கு,

தாள் வைக்கமாட்டேன்.

அன்றைக்கு மறந்தது உண்மை. ஏன் மறந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். விரலை மட்டும் நம்பியிருந்தேன். அந்த வர்ணத்தில் ஒவ்வொரு சுரக்கோர்வையும் முடிந்து ஒரே சரண அடிக்குத்தான் திரும்புகிறது. அங்கே நிற்கும்போது அடுத்தது எந்தக் கோர்வை என்று விரலுக்குத் தெரியாது.

இப்போது வயலினைத் தொடாமலே வாயால் சொல்லிப் பார்க்கிறேன், நெல் புடைக்கும்போதும், வாவிக்கரையில் தோணிக்குக் காத்திருக்கும்போதும். எந்தக் கோர்வை எந்தச் சுரத்தில் எழும்புகிறது என்பதுதான் என் பிடிமானம். மிருதங்கம் வாசிக்கும் நல்லரத்தினம் நினைத்த இடத்தில் நிறுத்துவார். "முதல்ல இருந்து வேணாம் அக்கா. மூணாவதுல எடுங்க பாப்பம்" என்பார். எடுப்பேன். எங்கே விழுந்தாலும் எழும்ப எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

வந்து கேளுங்கள். முன்வரிசையில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
கண்ணகை


கொழும்பு
1-3-1938

கண்ணகைக்கு,

விழா முடிந்ததும் உன்னிடம் பேசாமலே மெயில் ரயில் ஏறிவிட்டேன். கோபிக்காதே. இரண்டாவது கோர்வைக்குப் பிறகு நீ நாலாவதுக்குத் தாவினாய். சபைக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. இனி நின்றுவிடுவாய் என்று தலை குனிந்துகொண்டேன். நீயோ சரண அடிக்குத் திரும்பி, மூன்றாவதை எடுத்து, ஒன்றும் நடவாததுபோல் கடைசிக்குப் போனாய்.

சித்திரையில் இங்கே எனக்குக் கச்சேரி. பக்கவாத்தியத்துக்கு வா. தாளை மட்டும் முன்னால் வைத்துக்கொள். எனக்கு அது நிம்மதி.

வினாயகமூர்த்தி


மட்டக்களப்பு
7-3-1938

மச்சானுக்கு,

தாவியது எனக்கும் உடனே தெரிந்தது. போன வருஷமென்றால் வில்லை இறக்கியிருப்பேன். மூன்றாவது கோர்வை நிஷாதத்தில் எழும்பும் என்று தெரியும், பிடித்துக்கொண்டேன். மேடையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

கொழும்புக்கு வரமாட்டேன். உங்கள் நிம்மதிக்காக நான் தாள் பார்த்து வாசிக்க முடியாது. சபையில் சொன்ன சொல்லுக்கு நீங்கள் இன்னும் வருத்தம் சொல்லவுமில்லை.

பழுகாமத்துக் கோயிலில் வைகாசியில் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். சம்மதித்துவிட்டேன். பாட விருப்பமென்றால் நீங்களும் வரலாம். நடுவில் நான் இருப்பேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கண்ணகை