லென்ஸ் வைத்துப் பார்க்காத பெரணி

தருமபுரம் வீட்டுக் கிணற்றுக்கு உள்பூச்சு பூச நேற்று கொத்தனார் வந்தார். ஈரச் செங்கல்லைச் சுரண்டியதும் பாசி வாடை எழுந்தது. பெரணி பறிக்க நீ இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கிய அந்த நாள் கண்ணுக்குள் வந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். சுவரில் அதே பெரணி. கறுத்துப் பளபளக்கும் காம்பு, பிறைபோன்ற சிற்றிலைகள்.

அன்று நாம் தாவரவியல் இறுதியாண்டு மாணவிகள். இலை விளிம்பு பின்புறமாக மடிந்து வித்துத்தூளை மூடியிருப்பதைக் காட்டி, "அடியாண்டம் பேரினம்தான், சந்தேகமே இல்ல. எந்த இனம்னு நீ பாருடி. ரோமம் இருந்தா இன்சிசம், இல்லாட்டி லுனுலேட்டம்" என்றாய். நான் லென்ஸை எடுக்கவே இல்லை. செடியை நம் இருவருக்கும் பொதுவான சேகரிப்புத் தாளில் ஒட்டி, இன்சிசம் என்று எழுதிவிட்டேன்.

செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், "இதுல ரோமம் எங்கம்மா இருக்கு? யார் எழுதினது?" என்றார்.

"நான்தான் சார்" என்றாய் நீ.

வெளியே வந்து அழுதேன். "அழாதடி. மார்க் குறைஞ்சா உங்கப்பா படிப்ப நிறுத்திடுவாரு. எனக்கு நிக்காஹ் பேசியாச்சு. மார்க்க வச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றாய். உனக்கும் மேலே படிக்க ஆசை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். எம்.எஸ்சி. இடம் எனக்குக் கிடைத்தது. நீ ஷார்ஜாவுக்குப் போனாய்.

நாம் மனப்பாடம் செய்த அடியாண்டேசி குடும்பத்தை டெரிடேசிக்குள் சேர்த்துவிட்டார்கள் என்று ஒருமுறை போனில் சொன்னேன். "அப்ப நாம படிச்சதெல்லாம் தப்பாடி?" என்று சிரித்தாய். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினேன்.

போன மழைக்காலத்தில் உன் மகன் அழைத்தான். "உம்மா மௌத்தாயிட்டாங்க, ஆன்ட்டி. இன்னிக்கே அடக்கம்."

அன்று பார்க்காததை நேற்று லென்ஸில் பார்த்தேன். ஒரு ரோமம்கூட இல்லை. அந்தப் பக்கம் மட்டும் பூசாமல் விடச் சொன்னேன். கொத்தனார் போனபின் வீட்டில் பேச ஆளில்லை. உன் மகனை அழைத்துப் பெரணியைப் பற்றிச் சொன்னேன்.

"ஏதோ செடிப் பேரத் தப்பா எழுதி மார்க்க விட்டேன்னு உம்மா சொல்லிச் சிரிப்பாங்க. அது இதுதானா?"

"எழுதினது உம்மா இல்லப்பா. நான்."

"உம்மாவுக்கு மேல படிக்க ஆசை இருந்துச்சா, ஆன்ட்டி?" என்று கேட்டான்.

இருந்தது என்றேன். எவ்வளவு என்று சொல்ல இனி நான் ஒருத்திதான் மீதி.