இளஞ்செழியன் ஆறாம் வகை

ஜூலை 6, ஞாயிறு

வாசகர் வட்டத்தில் இன்று பேசினேன். எழுத்தாளர் இளஞ்செழியன் எனியகிராமில் எந்த வகை? உள்ளூர எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்கு ஏங்குகிறார்கள் என்று பார்த்து மனிதர்களை ஒன்பது வகையாகப் பிரிக்கும் முறை அது. கல்லூரியில் நான் நடத்தும் உளவியலில் அது பாடமில்லை, எனக்குத்தான் அதில் பைத்தியம்.

எல்லோரும் அவரை எட்டு என்றார்கள். மேடைக்கு மேடை முழங்குகிறவர், யாருக்கும் அஞ்சாதவர். நான் ஆறு என்றேன். பயம்தான் ஆறின் அடிநாதம். சில ஆறுகள் பயத்தைக் கண்டு ஓடாமல் அதன்மேலேயே பாய்வார்கள். அவர் கதைகளில் யாராவது ஒருவன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, திரும்ப வந்து தொட்டுப் பார்க்கிறானே!

கைதட்டினார்கள். வட்டச் செயலாளர் பெரியகருப்பன் சார் செல்போனில் படம்பிடித்தார்.

ஜூலை 8

யாரோ அந்தப் பேச்சை வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில்: ‘இளஞ்செழியன் ஒரு பயந்தாங்கொள்ளி.’

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னேனா? திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. ஆனாலும்—

ஜூலை 9

போனைத் திறந்தால் வசவு. ஒருவர் கல்லூரியின் பெயரையும் போட்டுவிட்டார். முதல்வர் கூப்பிட்டால் என்ன சொல்வது?

“போனைத் தூக்கி அங்கிட்டு வை மேரி. செத்த நேரம் சும்மா இரு” என்றார் என் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜ். எப்படி இருப்பதாம்? சோறு இறங்கவில்லை.

ஜூலை 11

நெய்க்காரப்பட்டியிலிருந்து இளஞ்செழியனின் மனைவி மணிமேகலை போனில் பேசினார்.

“ஏனுங்க, ஜெயமேரிங்களா? அவரு உங்க பேச்சைப் பாத்தாருங்க. அதுலருந்து யாருகூடயும் பேசறதில்லீங்க. ஏற்கெனவே நெஞ்சுல அடைப்பு இருக்கற மனுசன். ஒருக்கா வந்துட்டுப் போங்க.”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அய்யோ, அந்த மனுசனுக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா? நான் எதுக்கு வாயைத் தொறந்தேன்?

ஜூலை 12, சனி

பழனியில் பஸ் மாறிப் போனேன்.

மேடையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். “மன்னிச்சிருங்கய்யா” என்றேன். கையமர்த்தினார்.

“எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?”

“நானும் ஆறுதாங்கய்யா. கேஸை அணைச்சிட்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பாப்பேன்.”

அவர் என்னைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார்: “ஆபரேசனே வேண்டாம்னு ரெண்டு வருசமா அடம் புடிச்சனே, மணி. கத்தி வெச்சுத்தான் பொழைக்கணுமான்னு வீராப்புப் பேசினனே. அதெல்லாம் சும்மா. மயக்க மருந்து குடுத்தா முழிக்கமாட்டனோன்னு பயம்.”

“அதைச் சொல்றதுக்கென்னங்க? நான் உங்களைப் பிடிவாதக்காரருன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்” என்று அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். இருவரும் பேசுவது கேட்டது. என்ன பேசினார்கள் என்று காது கொடுக்கவில்லை.

ஜூலை 15

முதல்வர் கூப்பிட்டார். பரீட்சை வேலை பற்றித்தான். பயந்தது வீண்.

ஜூலை 24, வியாழன்

நாளை கோயம்புத்தூரில் அவருக்கு ஆபரேஷன். என் பேச்சால்தானே போகிறார்! பிழைக்காவிட்டால்? மணிமேகலை அம்மா முன்னால் நான் எந்த முகத்தோடு—

எழுத முடியவில்லை.

ஜூலை 25

நல்லபடியாக முடிந்தது என்று மணிமேகலை அம்மா செய்தி அனுப்பினார். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஆனந்த்ராஜ் பயந்தேவிட்டார்.

ஜூலை 31

இன்று இளஞ்செழியனே ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரல் மெலிந்திருந்தது.

“பக்கத்துப் பெட்டுல ஒருத்தரு நாளைக்கு ஆபரேசனுக்குப் போறாருங்க. நர்ஸைக் கண்டாலே போர்வைக்குள்ள போயிடறாரு. அவரு என்ன நம்பருங்க?”

“ஆளைப் பாக்காம சொல்லமாட்டேங்கய்யா. இனிமே பாத்தாலும் சொல்லமாட்டேன்.”

சிரிக்கப் பார்த்து, தையல் வலித்து நிறுத்திக்கொண்டார்.

“செரி, வெச்சுடறனுங்க. உள்ள போறப்ப நான் எப்படி நடுங்கினேன்னு அவருகிட்டச் சொல்லிட்டிருந்தேன். பாதியில நிக்குது.”