புதிய அரங்கின் குழுப்படத்தில் மாற்றப்பட்ட முகம்

அனுப்புநர்
இணைப் பேராசிரியர்,
புள்ளியியல் துறை.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம்.

பொருள்: புதிய அரங்கில் மாட்டியுள்ள குழுப்படத்தை அகற்றுதல், அதன் மூலப்படத்தைத் திரும்பப் பெறுதல் – இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரும் பன்னிரண்டாம் தேதி திறக்கப்படவுள்ள அரங்கைக் கட்டித் தந்தவர் மாகாண அவை உறுப்பினர். அதற்காக அவரைப் பாராட்டுவது முறைதான். என் புகார், அதன் நுழைவாயிலில் மாட்டியுள்ள எங்கள் வகுப்பின் குழுப்படத்தைப் பற்றியது மட்டுமே.

2. உறுப்பினர் எங்களோடு முதலாண்டு படித்தார். அடுத்த ஆண்டே தம் தந்தையின் வாடகை நாற்காலிக் கடையைக் கவனிக்கப் போய்விட்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கடையை நான்காக்கினார். எல்லாக் கட்சிக் கூட்டங்களுக்கும் மேடையும் ஒலிபெருக்கியும் கொடுத்தார். பிறகு தாம் போட்ட மேடையில் தாமே ஏறிப் பேசினார். நகரமன்றம், அங்கிருந்து மாகாண அவை. இத்தனையும் அவருடைய உழைப்பு. ஆனால் விழா மலரின் வாழ்க்கைக் குறிப்பு, அவர் எங்களோடு பட்டம் பெற்றதாகச் சொல்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டியிருப்பது இந்தப் படத்தை.

3. படம் எடுத்த அன்று அவர் வந்திருந்தது உண்மை. நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டவர் அவர்தான். "சீக்கிரம் எடுங்கப்பா, அடுத்த இடத்துக்கு இதையெல்லாம் ஏத்தணும்" என்று புகைப்படக்காரரை விரட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று எடுத்த படத்தில் அவர் இல்லை. இப்போது அரங்கில் உள்ள படத்தில் இரண்டாம் வரிசையில், இடமிருந்து நான்காவதாக, கோட்டு அணிந்து நிற்கிறார். ஐம்பதை நெருங்கும் முகம். சுற்றிலும் இருபத்திரண்டு வயதுக்காரர்கள். இது வேறு எவர் கண்ணிலும் படவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

4. அந்த இடத்தில் நின்றவள் என் தோழி. வேகமாகப் பேசுவாள் என்பதால் அவளைத் 'தந்தி' என்போம். வகுப்பின் முதல் மாணவி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மகளுக்கு மூன்று வயதாகும்போது இறந்துவிட்டாள். அந்த மகள் இவ்வாண்டு இங்கே சேர்ந்திருக்கிறாள். அம்மாவைக் காட்டுகிறேன் என்று நான்தான் அவளை அரங்குக்கு அழைத்துச் சென்றேன். வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, "இதுல அம்மா எங்க பெரியம்மா?" என்று கேட்டாள்.

5. என் முதல் மனுவை 'உரிய நடவடிக்கைக்காக' உறுப்பினரின் அலுவலகத்துக்கே அனுப்பினீர்கள். அவருடைய செயலாளர் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். "ஒரு ஆள் மாறினதுல என்ன மேடம் குடி முழுகிப்போச்சு? நீங்க பின்னாடி நிக்கிறது வருத்தமா இருந்தா சொல்லுங்க, முன்வரிசையில உக்கார வெச்சிடுறோம்." அவர் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

6. மூலப்படம் துறைச் சுவரில் இருந்தது. பெரிதாக்குவதற்கென்று அவருடைய ஆட்கள் கேட்டபோது, கையெழுத்திட்டு எடுத்துக் கொடுத்தது நான். அந்தத் தவறு என்னுடையது. வகுப்புத் தோழர்களுக்கு எழுதிக் கேட்டேன். பதில் சொன்ன ஆறு பேரிடமும் பிரதி இல்லை. படமெடுத்த நிலையமும் மூடப்பட்டுவிட்டது.

ஆகவே, திறப்பு விழாவுக்கு முன் அரங்கிலுள்ள படத்தை இறக்கவும், மூலப்படத்தைத் திரும்பப் பெற்றுத் தரவும் வேண்டுகிறேன். இரண்டையும் செய்ய இயலாதென்றால், மூலப்படத்தை மட்டுமாவது. அது கைக்கு வந்தால், வாழ்க்கைக் குறிப்பில் அவர் பட்டதாரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நான் மறுத்து எழுத மாட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

இம்முறை பதிலைத் தாங்களே எழுதுவீர்கள் என்ற எதிர்பார்ப்புடன்,

(ஒப்பம்)
இணைப் பேராசிரியர்

இடம்: புள்ளியியல் துறை அலுவலகம்
நாள்: ஆகஸ்ட் 5