சின்னவளுக்கு இலக்கம் இரண்டு

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை

அக்காவின் இரட்டைப் பெண் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்து இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அக்கா காய்ச்சலோடு கொட்டாஞ்சேனை வீட்டில். அத்தான் அனுப்பும் விவரத்தை நான் ஆர் (R) என்ற கம்ப்யூட்டர் மொழியில் மூன்று பரிமாண அரேயாக, அதாவது மூன்று பக்கமும் விரியும் ஓர் அட்டவணையாக, வைத்திருக்கிறேன்: குழந்தை, நாள், அளவு. அளவு என்றால் எடையும் பாலும். குழந்தைகளுக்கு அதில் பெயரில்லை, பெரியவள் 1, சின்னவள் 2.

பின்னேரம் அக்கா போனில், "சின்னவள் நிறை கூடினவளோ?" என்று கேட்டாள்.

"ஓம், நல்லாக் கூடியிருக்கிறாள்" என்றேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். பிறகுதான் கவனித்தேன், நான் எடுத்தது 1. அது பெரியவள். சின்னவள் கொஞ்சம் குறைந்திருந்தாள்.

திரும்பப் போன் எடுத்துச் சொன்னேன்.

"இலக்கம் மாறத்தான் செய்யும். பேரைப் போடு" என்றாள் அக்கா.

"முப்பத்தொராம் நாள்தானே பேர் வைக்கிறது? முந்தி வைச்சா அம்மா பேசுவா."

"அம்மாட்டச் சொல்லாத. உன்ர கம்ப்யூட்டருக்கு மட்டும்."

இரண்டு பெயரையும் மெதுவாகச் சொன்னாள். குழந்தை என்ற முதல் பரிமாணத்துக்கு அவற்றைக் கொடுத்தேன். சதுர அடைப்புக்குள் 2 என்பதற்குப் பதிலாகச் சின்னவளின் பெயரைத் தட்டினேன். அவளுடைய நாட்கள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. தேவை ஒன்றுமில்லை, இருந்தும் இன்னொரு தரம் தட்டினேன்.

அம்மா இந்த டயரியைத் திறந்து பார்ப்பது எனக்குத் தெரியும். பேசினால் பேசட்டும், பெயரை மட்டும் இங்கே எழுதமாட்டேன்.