வரி முடிவில் எழும் கை

வைகாசி 6, செவ்வாய்

கடும் வெயில். தபால் பை மு.ப. 10.20க்கு, இருபது நிமிடத் தாமதம். பதிவுத் தபால் நான்கு. பசை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

பி.ப. 2 மணிக்கு அஞ்சலகத்தைப் பூட்டும் வேளையில் சேவியர் வருகை. நல்லம்பள்ளியில் இன்னிசைக் குழு நடத்துபவர், கீபோர்டு வாசிப்பவர். அவருடைய லீடு கிதார்க்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதாம். ஞாயிறு மாலை பாலக்கோட்டில் ஒரு திருமண வரவேற்பு. கிதாருக்கு இருவர் தேவை: நான், மற்றும் பிரபு என்னும் தனியார் பேருந்து நடத்துநர்.

"நீங்க ரிதமுங்களா, லீடுங்களா மேடம்?"

கிதார் பழகும் இந்தப் பதினொரு ஆண்டுகளில் எவரும் என்னிடம் கேட்டிராத வினா. ஒரு நொடியும் தாமதியாமல் "லீடு" என்றேன்.

"அவரும் அதேதாங்க சொல்றாரு. வியாழக்கிழமை ரெண்டு பேரையும் வாசிக்க வெச்சுப் பாத்துடலாம். யாரு லீடோ, குழுவுல அந்த எடம் அவங்களுக்குத்தான்."

அந்த இடம் எனக்கு வேண்டும். எழுதிவைப்பதில் கூச்சமில்லை. ஆசிரியரும் வகுப்பும் இன்றி, ஒரு கைப்பேசியையும் ஒரு கிதாரையும் துணைகொண்டு கற்றவள் நான். இடையிசையில் மெட்டை முன்னெடுப்பது லீடு; ரிதம் போலப் பின்னால் நின்று தாளம் நிரப்புவதற்காகக் கற்கவில்லை.

ஆயினும் வினா உடன் வந்துவிட்டது. சமைக்கும்போதும் அதுவே. நான் எது?

வைகாசி 7, புதன்

மேகமூட்டம்; மழை இல்லை.

இன்று என்னையே கவனிப்பது என்று தீர்மானம். கண்டவை:

– தேதி முத்திரை குத்துகையில் என் கை தானாக ஒரு நடையில் இயங்குகிறது. மைப்பெட்டியில் மெல்ல, தாளில் வலுவாக. மெல்ல, வலுவாக.
– ரிதம் வாசிக்கையில் என் வலக்கை செய்வதும் அதுவே. கீழ்நோக்கி மெல்ல, மேல்நோக்கிச் சற்று வலுவாக. காணொளிகளில் எவரும் இப்படி வாசிப்பதில்லை. தலைகீழ்!
– இதை எவரும் கற்பிக்கவில்லை. மேசையிலிருந்து கைக்கு வந்திருக்கிறது.
– லீடு வாசிக்கையில் இந்நடை இல்லை. அது வேறொருத்தியின் கை போல. ஏன்?

ஓய்வூதியம் பெற வந்த பெரியவர் ஒருவர் வரிசையில் நின்றவரிடம்: "இந்தம்மா குத்தறது தவுலு மாதிரி இருக்குது பாரு."

தவில் அன்று என்று திருத்த நினைத்தேன். திருத்தவில்லை. பாராட்டாகவும் இருக்கலாம்.

பசை வாங்க மறந்தேன்.

வைகாசி 8, வியாழன்

சேவியர் வீட்டு மாடியில் ஒத்திகை. தகரக் கூரை, அடுப்பு போன்ற வெக்கை. என் கணவர் மாது, தக்காளி இறக்கிய வண்டியோடு நேரே வந்து, கைப்பேசியில் பதிவு செய்தபடி நின்றார். சட்டையெல்லாம் தக்காளிச் சாறு.

முதலில் நான் லீடு, பிரபு ரிதம். பாடகி ஜான்சி பல்லவியைப் பாட, இடையிசையில் நான் நுழைந்தேன். முதல் வரி நன்று. இரண்டாம் வரிக்கு நான் வந்தபோது மற்றவர் அனைவரும் அதைக் கடந்திருந்தனர். மீண்டும் ஒரு முறை. மீண்டும் அதுவே. மூன்றாம் முறை நானும் ஜான்சியும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டோம்.

"அக்கா, நீங்க முடிச்சுட்டீங்கன்னு நெனச்சுப் பாடிட்டேன்" என்றாள் ஜான்சி.

சேவியர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "மேடம், ஒவ்வொரு வரி முடிஞ்சதும் எங்கீங்க போயிட்டு வர்றீங்க?"

எல்லோரும் சிரித்தனர். பிரபு மட்டும் சிரிக்கவில்லை என்பதையும் நேர்மையின் பொருட்டுப் பதிகிறேன்.

பின் இடம் மாற்றம். பிரபுவின் லீடு அருவி, நிற்பதே இல்லை. பாட்டு முடிந்த பின்னரும் நான்கு சுரம் ஓடினார். அவரது ரிதமோ, உண்மையைச் சொன்னால், மேட்டிலிருந்து இறங்கும் மிதிவண்டி. போகப் போக வேகம்.

தீர்ப்பு: ஞாயிறன்று பிரபு லீடு, நான் ரிதம். "எடம் யாருக்குன்னு ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் பேசிக்கலாங்க" என்று ஒரு மரியாதை வாக்கியம். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

வண்டியில் திரும்புகையில் மாது: "ரிதம்னா என்ன இப்ப? அதுவும் கிதாருதானே?"

கடத்தூரில் வீட்டின் முன் இறங்கும்போது, "இந்த வீடியோவ அழிச்சுடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

வைகாசி 9, வெள்ளி

விடியற்காலை சிறு தூறல். அம்மை வார்த்த பிள்ளைக்கு வேப்பிலை கேட்டு அண்டை வீட்டினர்.

காணொளியைப் பதினான்கு முறை பார்த்தேன். முதல் ஆறு முறை அவமானத்துடன். ஏழாம் முறையிலிருந்து அவமானம் சலித்துவிட்டது, ஆவல் மிஞ்சியது.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மாதுதான் கண்டுபிடித்தார். "ஏம்மா, வரி முடிஞ்சா எதுக்குக் கையத் தூக்கற? ஈ ஓட்டறியா?"

உண்மை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் வலக்கை கம்பியை விட்டு எழுந்து, முன்னால் ஒரு முழம் சென்று, எதையோ தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

அங்கே இருந்தது என்ன என்று மாலையில் விளங்கியது. பழகும் நாற்காலியில் அமர்ந்தேன். எதிரே அரிசி டப்பா. அதில் சாய்த்த கைப்பேசி. சரியாக ஒரு முழம்.

பதினொரு ஆண்டுகள் லீடு பயின்ற முறை: ஒரு வரி கேட்பது. திரையைத் தொட்டு நிறுத்துவது. வாசிப்பது. மீண்டும் தொட்டு அடுத்த வரி. இந்தத் தொடுதலையும் பாட்டின் பகுதியென்று கை கற்றுக்கொண்டுவிட்டது. நானும் உடனிருந்தே கற்பித்திருக்கிறேன்!

சோதனை 1: ரிதம், பத்து நிமிடம். கை ஒரு முறையும் எழவில்லை. அது மேசையில் கற்றது; திரையில் அன்று.
சோதனை 2: லீடு, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு. எழுந்தது.
சோதனை 3: லீடு, மாது என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள. வாசிக்கவே இயலவில்லை, இருவருக்கும் சிரிப்பு.

வியப்பாக இருக்கிறது. வருத்தத்தை விட வியப்பு ஓரளவு அதிகம்.

வைகாசி 10, சனி

பசை வாங்கியாயிற்று.

பிரபு கற்ற விதத்தை அறிய வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத் தயக்கத்திற்குப் பின் தொலைபேசினேன். பேருந்து நிலைய இரைச்சலில் அவர் குரல்.

"எங்கண்ணன் சர்ச்சுல வாசிப்பானுங்க. எனக்காவ நிறுத்தவே மாட்டான். 'வந்தா வா, இல்லன்னா வூட்டுக்குப் போ'ம்பான். நான் பின்னாலயே தொரத்திக்கிட்டு ஓடுவேன். ஓடி ஓடியே கத்துக்கிட்டது."

"அதனால்தான் நீங்கள் நிற்பதில்லையோ?"

ஒரு பேருந்துக்கு விசில் ஊதினார். பின்: "நிக்கத் தெரியாதுங்க மேடம். ரிதம் வாசிச்சா இன்னும் அண்ணன் முன்னால போற மாதிரியே இருக்குது." உடனே, வேறு யாரிடமோ: "நல்லம்பள்ளி எல்லாம் முன்னால ஏறு!"

நான் நிற்கக் கற்றவள். அவர் ஓடக் கற்றவர். லீடு, ரிதம் என்பவை இயல்பினால் அமைவன என்றே இதுகாறும் எண்ணியிருந்தேன். யார் எவ்வாறு கற்றோம் என்பதும் அதில் அடங்கும் போலும்.

வைகாசி 11, ஞாயிறு

பாலக்கோடு. மண்டபத்தில் மின்விசிறி என் பக்கம் திரும்பவே இல்லை. நீலப் புடவை, தவறான தேர்வு.

நான்காம் பாட்டின் நடுவே, பிரபு லீடு எடுத்து நான்கு வரி போயிருப்பார், பெண் வீட்டுக்காரர் ஒருவர் ஜான்சியிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"வெள்ளக் கார் யாரோடதுங்க? மாப்ள வண்டி உள்ள வர முடியல. எடுங்க. சாப்புட்டுட்டு இருந்தாலும் வந்து எடுங்க."

இத்தகைய அறிவிப்பின்போது பாட்டை நிறுத்துவது இங்கே வழக்கமன்று. நிறுத்தினால் சகுனக் குறை என்பர். மணமக்கள் மேடையேறும்வரை பின்னணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளைக் காரின் உரிமையாளர் பாயசத்தில் இருந்தார் போலும், ஒன்பது நிமிடம்.

பிரபு நிற்க இயலாமல் வாசித்தார். வேகம் ஏறியது. டிரம்ஸ்காரரும் அவர் பின்னால் ஓடத் தொடங்கினார். சேவியர் என்னைப் பார்த்தார். நான் எவரையும் பார்க்கவில்லை. மைப்பெட்டி, தாள். மைப்பெட்டி, தாள். மூன்றாம் நிமிடத்தில் டிரம்ஸ் என்னிடம் திரும்பியது. ஐந்தாம் நிமிடத்தில் பிரபுவும் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் வாசித்தது மிக அழகு. என் தாளத்தின் மேல் இன்னொருவரின் லீடு அமர்வதை நான் முதன்முறையாகக் கேட்டேன். தனியே வாசிப்பவளுக்கு ஒன்று இருக்கையில் மற்றது இராது.

முடிந்தபின் சேவியர்: "லீடு எடத்த பிரபுவுக்கே குடுத்துடலாங்களா மேடம்? ரிதம் நீங்கதான், அதுல பேச்சே இல்ல."

பெருமையாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது. "பிரபு இன்று அவ்விடத்திற்கு உரியவர்" என்றேன். "நிரந்தரமாக என்று சொல்லற்க. எனக்கு ஒரு மாத அவகாசம் வேண்டும்."

"சொல்லற்கன்னா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"சொல்லாதீங்கன்னு அர்த்தம்" என்று விளக்கியவர் பிரபு. "குடுங்க சேவியரண்ணா, ஒரு மாசந்தானே. நானும் ரிதம் கத்துக்கணும்."

வைகாசி 12, திங்கள்

முகூர்த்த நாள், சாலையெங்கும் ஒலிபெருக்கி. தபால் பை உரிய நேரத்தில்.

பி.ப. 2.15க்கு பிரபு, விடுப்பு நாளில், கிதாருடன். அஞ்சலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோம். அரிசி டப்பாவை மாது முன்னரே அகற்றியிருந்தார்.

முதல் அரை மணி அவருக்கு: பழைய நாளிதழ் மேல் முத்திரைக்கட்டை. மெல்ல, வலுவாக. இருபதாம் குத்தில் வேகமெடுத்தார். மீண்டும் முதலிலிருந்து.

அடுத்து எனக்கு. அவர் ரிதம், நான் லீடு. ஒப்பந்தம் ஒன்றே: என்ன நேர்ந்தாலும் அவர் நிறுத்தக் கூடாது.

"எங்கண்ணன் மாதிரியேங்களா?"

"அவ்வாறே."

முதல் வரி முடிந்தது. கை எழுந்தது. முன்னால் சென்றது. தொட ஒன்றும் இல்லை, அவர் போய்க்கொண்டிருந்தார். அடுத்த வரிக்குள் பாதியில் விழுந்தேன், தவறான சுரத்தில். அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.