நனைந்தாலும் அமுங்காத பஞ்சு

அக்கா,

இன்று கோயம்புத்தூரிலிருந்து நாப்கினுக்கான புதுக் கூழ் அட்டை வந்தது. கட்டைப் பிரித்ததும் ஈரக் காகிதமும் மரத்தூளும் கலந்த அந்த வாடை கொட்டகை முழுக்கப் பரவியது. நீங்கள் எங்களை விட்டுப் போனபின் நான் பிரிக்கும் முதல் கட்டு.

இது பதப்படுத்திய மரக்கூழாம். நனைந்தாலும் நார் அமுங்காதாம். நாம் கேட்டுக் கேட்டு அலுத்த சரக்கு, இப்போது வருகிறது.

பழைய அட்டை நம் எமரால்டு ஊர் மூடுபனியில் தானே ஈரம் குடித்துவிடும். அரைக்கும் மெஷினில் பஞ்சாக வராமல் உருண்டை உருண்டையாக விழும். அடுப்புக்கு மேலே உலர்த்தி, மறுபடி அரைத்து, நாப்கின் செய்வோம். நனைந்ததும் பஞ்சு ஒரு மூலையில் கட்டிக்கொள்ளும். கழிப்பறையே இல்லாத தேயிலைச் சரிவில் பொழுதெல்லாம் நிற்கிறவளுக்கு அது எப்படிப் போதும்?

நான் உப்புத் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பேன். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வருகிற நீங்கள் சிரிப்பீர்கள். "ஏன் கண்ணு, தண்ணி என்ன மலையேறிக் கொழுந்து பறிக்குதா? எங்கிட்டக் குடு. நாந்தான் நிக்காம ஓடுற குழாயாச்சே!"

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் வைத்துப் பார்த்துச் சொன்னதுதான் தீர்ப்பு. உங்களுக்குத் தாங்கினால் ஊருக்கே தாங்கும் என்போம். அடுக்கைக் கூட்டினோம், பஞ்சைத் திருத்தினோம். உங்களுக்கு மாதம் முழுக்க ஏன் இப்படி ரத்தம் போகிறது என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்டீர்கள், எஸ்டேட் டிஸ்பென்சரியில். "பொம்பளைன்னா இருக்கறதுதான். சத்து மாத்திரையப் போட்டுட்டு மலைக்குப் போ. இதுக்கெல்லாமா லீவு?" என்றானாம் கம்பவுண்டர். தன் வீட்டுப் பெண்ணிடம் இப்படிச் சொல்வானா? ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பைப் புற்று முற்றியிருந்தது. "இத்தனை நாள் என்னம்மா பண்ணினீங்க?" என்றார் டாக்டரம்மா. "வேலைக்குப் போனேனுங்க" என்றீர்கள்.

மதியம் புது நாரைச் சோதித்தேன். தண்ணீரை வாங்கிக்கொண்டு உப்பி நின்றது, அமுங்கவில்லை. நல்ல சரக்குதான். எனக்கு அசதியாக இருந்தது.

அப்போது எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். "உங்க நாப்கின் தாங்கறதில்லீங்க்கா. ரெண்டு சேத்து வெச்சாலும் நனைஞ்சிருது."

புதியதைக் கொடுத்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நாளைக் காலை அவளை ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

"லீவு தர மாட்டாங்களேக்கா" என்றாள்.

கேட்கப்போவதில்லை என்றேன்.